மெக்சிக்கன் சாப்பாடு இனிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொக்குவில்காரி:

போன சனிக்கிழமை மகனுக்குப் பிறந்தநாள். "எப்ப பார்த்தாலும் கொத்தும் ஃபிரைட் ரைசும்தானா, இந்த முறை மெக்சிக்கன்" என்று ஒரே பிடி. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அந்தக் கடை. வாசலில் கள்ளிச்செடி, சுவரில் பெரிய தொப்பி, உள்ளே நல்ல ஏசி. மாமியையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேர் போனோம். (கடையின் பெயரைக் கேட்காதீர்கள். நடத்துகிற பிள்ளைகளின் முகத்தில் தினமும் முழிக்க வேண்டும்.)

முதலில் நாச்சோஸ், மொறுமொறுப்பான சோளச் சிப்ஸ். மேலே ஊற்றிய மஞ்சள் சீஸ் மேசைக்கு வரும்போதே ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒரு துண்டை இழுத்தால் தட்டில் இருந்த முழுவதும் கூடவே எழும்பியது. மகள் அதைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். சல்சா என்று ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. தொட்டு நாக்கில் வைத்தால் போத்தல் தக்காளி சோஸ், அதற்குள் நாலு வெங்காயத் துண்டு. குவாக்கமோலேக்குச் சீனி போட்டிருந்தார்கள்! மாமிக்கு மட்டும் அது பிடித்தது. "நாங்கள் ஆனைக்கொய்யாவுக்குச் சீனியும் பாலும் விட்டு அடிக்கிறதுதானே பிள்ளை, இதுக்கோ எண்ணூறு ரூபாய்?"

அப்புறம் டாக்கோ. மூன்று 1,900 ரூபாய். மடித்திருந்தது கோதுமை மாச் சப்பாத்தி. ஓரம் காய்ந்து, மடிப்பில் வெடித்து, உள்ளே இருந்த கோழி முழுக்க இவரின் மடியில். கோழி நல்ல பதம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்கு மேல் இனிப்பு மயோனைஸ். தேசிக்காய்ப் புளி இல்லை, உறைப்பு மருந்துக்கும் இல்லை. மிளகாயின் தாய்வீடே மெக்சிக்கோதானே? தாய்வீட்டுச் சாப்பாட்டை யாழ்ப்பாணத்தில் உறைப்பில்லாமல் வைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

மகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தான். அதுதான் எனக்குக் கூட வயிற்றெரிச்சல். பத்து வீதம் சேர்விஸ் சார்ஜோடு பில் 13,640. வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்குப் புட்டு அவித்து மீன் குழம்போடு சாப்பிட்டோம்.

அந்தச் சாப்பாடே இப்படித்தானா, எங்களுக்குத்தான் விளங்கவில்லையா? தெரியாமல் ரிவ்யூ எழுதிப் பாவம் தேட விருப்பமில்லை.

குளிர்தேசத்தான்:

அக்கா, கோதுமை மாவுக்காக மட்டும் அவர்களைத் திட்டாதீர்கள். மெக்சிக்கோவின் வடக்கே டாக்கோவுக்கு மடிக்கிற ரொட்டி, அதாவது டோர்ட்டியா, கோதுமையில்தான் நிறைய. தெற்கே போனால் சோளம். நான் இங்கே ரொறன்ரோவில் ஒரு மெக்சிக்கோக்காரரோடு மூன்று வருடம் வேலை செய்தேன். அவர் கொண்டுவரும் டாக்கோவில் இறைச்சி, வெங்காயம், கொத்தமல்லி இலை, தேசிக்காய், ஒரு பச்சைச் சம்பல், அவ்வளவுதான். அந்தச் சம்பல் எங்கள் வீட்டுச் சம்பலுக்குச் சளைத்ததில்லை. மயோனைஸைக் கண்டிருந்தால் மனுசன் அழுதிருப்பார்.

நாச்சோஸ் கதை வேறு. 1940களின் தொடக்கத்தில் எல்லைப்புற ஊரான பியட்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் திடீரென்று வந்தவர்களுக்காகக் கையில் இருந்ததை வைத்துச் செய்து கொடுத்தது. நாச்சோ என்பது அவருடைய செல்லப்பெயர். அவர் போட்டது துருவிய சீஸ். போட்டதும் சூடாக்கிக் கொடுத்தார். ஆடை கட்டின மஞ்சள் சோஸ் பிறகு வந்து சேர்ந்தது.

சமையல்கட்டு:

நான் ஹோட்டல் சமையலில் இருப்பவன், அதனால் கொஞ்சம் கடைக்காரர் பக்கமும் பேசுகிறேன். சோள டோர்ட்டியாவுக்குச் சும்மா சோள மா சரிவராது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, அதிலேயே இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி எடுத்து அரைக்க வேண்டும். சுண்ணாம்பு படாத மாவைக் குழைத்தால் ஒட்டாது, கையிலேயே உதிரும். பதப்படுத்திய மா வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை கூட. சப்பாத்தி போடுவது அதனால்தான். இனிப்பு சோஸ் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், நம்புங்கள்.

ஆனால் ஆறின சீஸுக்குச் சாட்டு இல்லை. சப்பாத்தியும் காலையில் சுட்டு வைத்ததுதான். துணியில் சுற்றி வைத்திருந்தால்கூட வெடித்திருக்காது. அப்போதே தட்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் அக்கா. நாங்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் கதைக்கிற ஆட்கள்.

இன்னொன்று. மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாக் கரையில் மீனைப் பொரித்து, முட்டைக்கோவா நறுக்கிப் போட்டு டாக்கோ செய்கிறார்கள். பாசையூர் மீனை வைத்துக்கொண்டு இங்கே ஏன் ஒருவரும் அதைச் செய்யவில்லை என்று எனக்கு ஆதங்கம்.

வீட்டில் செய்வதென்றால் ஒரு கிலோ சோளத்துக்குப் பத்துக் கிராம் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும், நிறம் போட்டது வேண்டாம். கோழித்தீனுக்கு விற்கிற சோளத்தை வாங்காதீர்கள்.

பனங்கிழங்கு:

மாமி சொன்னதை அப்படியே ரிவ்யூவாகப் போடுங்கோ. ஐந்து நட்சத்திரம் மாமிக்கு.

கொக்குவில்காரி:

எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போய் முகத்துக்கு நேரே சொன்னேன். சீஸும் சப்பாத்தியும் சரியில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். சீனியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, "சனத்துக்கு அதுதான் விருப்பம் அக்கா" என்றார்கள். ரிவ்யூவில் நாலு வரி மட்டும் எழுதினேன். கோழி நல்லது என்பதையும் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் அரைக் கிலோ சோளம் வாங்கி ஊறவைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசம். கையால் கசக்கத் தோல் வழுவழுவென்று கழன்றது. கிரைண்டரில் தண்ணீர் விடாமல் அரைபடவில்லை, விட்டால் களியாகிறது. கடைசியில் அம்மியை இழுத்தோம். (அவர்களும் காலம்காலமாக அம்மி மாதிரி ஒரு கல்லில்தான் அரைத்தார்களாம், மகன் தேடிப் பார்த்துச் சொன்னான்.) முதல் நாலும் தோசைக்கல்லில் ஒட்டிக் கிழிந்தன. ஐந்தாவது பூரி மாதிரி உப்பியது. பொரித்த பாரை மீன், கோவா, பச்சை மிளகாய்ச் சம்பல், தேசிக்காய். மகன் ஆறு சாப்பிட்டான்.

மாமிதான் இன்னும் கோபம். சுண்ணாம்பு டப்பாவில் பாதியைக் காணவில்லையாம்.