வாயால் சொல்கிறான், எழுத வரவில்லை: அறிவியல் வகுப்பில் டிஸ்லெக்சியா

கேள்வி (நாலாம் வகுப்பு டீச்சர்):
என் வகுப்பில் ஒரு பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம். காற்றடித்தால் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது என்று கேட்டால், "துணிக்குப் பக்கத்துல இருக்குற ஈரக் காத்த அது தள்ளிடுது டீச்சர், அதனால மிச்ச தண்ணியும் வேகமா ஆவியாகுது" என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறான். அதையே தாளில் கேட்டால் இரண்டு சொல், அதுவும் பாதியில் நிற்கிறது. வாசிப்புக்குத் தனிப் பயிற்சி நடக்கிறது, சரி. அறிவியல் வகுப்பில் நான் என்ன செய்வது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில் 1:
நீங்கள் சோதிப்பது ஆவியாதலையா, எழுத்துப்பிழையையா? ஆவியாதல்தான் என்றால் அவன் வாயால் சொல்லட்டும், அவன் சொன்ன வார்த்தையிலேயே நீங்கள் எழுதிக்கொண்டு மதிப்பெண் போடுங்கள். படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொல்லும்போது வேர், தண்டு, இலை என்று சொல் அட்டைகளைக் கொடுத்துவிடுங்கள், பொருத்தினால் போதும். அப்புறம், கரும்பலகையைப் பார்த்து எழுத வைப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுவதிலேயே அவன் கவனமெல்லாம் போய்விடும், பாடம் காதில் ஏறாது.

பதில் 2:
கலைச்சொற்களைப் பாடத்துக்கு முந்தைய நாளே பழக்குவேன். ஒளிச்-சேர்க்-கை என்று கைதட்டிப் பிரித்துச் சொல்லி, பக்கத்தில் படம். 'விசை', 'திசை' இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் ஊகித்து மாற்றிப் படித்துவிடுவார்கள். ஆவியாதல், ஆவி சுருங்குதல் இன்னும் மோசம், 'ஆவி'யைப் பார்த்ததும் மிச்சத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். இந்த மாதிரி ஜோடிகளை ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள்.

பதில் 3 (ஒரு அம்மா):
என் மகளுக்குச் சோதனைக் குறிப்பு பத்தியாக இருந்தால் மூன்றாவது வரியிலேயே தொலைந்துவிடுவாள். ஒரு வரிக்கு ஒரு வேலை, பக்கத்தில் சின்னப் படம் என்று கொடுத்த பிறகு தானே செய்கிறாள். இன்னொன்று, குழுவில் எப்போதும் பொருள் எடுத்து வரும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள், என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்துச் சொல்லும் வேலையையும் கொடுங்கள். நிறக் கண்ணாடித்தாள் வைத்துப் படித்தால் நல்லது என்கிறார்களே, யாராவது பார்த்தீர்களா?

பதில் 2:
அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே நிறக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை, எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில் உள்ள சிரமம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சொல் அட்டையை நாளைக்கே தொடங்குகிறேன். அவனுக்கு மட்டும் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்பார்களே?

பதில் 1:
எல்லோருக்கும் கொடுங்கள். வேண்டாதவன் அட்டையைத் தொடாமலே எழுதிவிடுவான்.