புதுப்பிப்பு: தலசீமியா மகளுக்கு ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ், இப்போது நெகட்டிவ்

தலசீமியா (பிறவியிலேயே வரும் ரத்தக் குறைபாடு) இருப்பதால் மாதாமாதம் ரத்தம் ஏற்றும் என் 16 வயது மகளுக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கான ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்ததும் பதறிப்போய் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போது அவள் உடம்பில் வைரஸ் இல்லை.

"ஆன்டிபாடியை வைத்து முடிவு கட்டாதீங்க, ஆர்என்ஏ பிசிஆர் எடுங்க" என்று இன்னொரு தலசீமியா குழந்தையின் அம்மா சொன்னதுதான் வழிகாட்டியது. ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் அந்த டெஸ்டில் வைரஸ் உறுதியானது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. சோபோஸ்புவிர், டக்லாடாஸ்விர், 12 வாரம். ரிபாவிரின் தரவில்லை, அது சிவப்பணுக்களை உடைப்பதால் ரத்தத் தேவை இன்னும் கூடும் என்றார் டாக்டர். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த பிசிஆர் ரிப்போர்ட்டில் "டார்கெட் நாட் டிடெக்டட்", அதாவது வைரஸ் தென்படவில்லை.

எதிர்பாராதவை இரண்டு. குணமான பிறகும் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்றே வரும், பெரும்பாலும் ஆயுசுக்கும். அதனால் பிசிஆர் ரிப்போர்ட்டின் நகலை ரத்தம் ஏற்றும் நோட்டிலேயே ஒட்டிவிட்டேன். புது நர்ஸ் யார் வந்தாலும் அதைத்தான் காட்டுகிறேன். அடுத்தது, சிகிச்சைக்கு முன் ஹெபடைட்டிஸ் பி-யும் பார்த்தார்கள் (சி மருந்து, உறங்கும் பி-யை எழுப்பிவிடலாம்). தொற்று இல்லை, ஆனால் குழந்தையில் போட்ட தடுப்பூசியின் எதிர்ப்புசக்தி, பாதுகாப்புக்குத் தேவையான 10 என்ற அளவுக்குக் கீழே இருந்தது. பூஸ்டர் போட்டாயிற்று.

சி-க்குத் தடுப்பூசி கிடையாது, மறுபடியும் தொற்றலாம். நேட் பரிசோதனை (ரத்தத்தில் வைரஸின் மரபணுவையே தேடும் டெஸ்ட்) செய்த ரத்தமாகக் கேட்டு வாங்குகிறோம், வருஷாவருஷம் ஆர்என்ஏ பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.