மறு: 'செயற்கை உயிர்ச்சத்து' என்ற சொல் போதுமா?

வணக்கம். ஆலையில் செய்யும் வைட்டமின் ஈ போன்ற உயிர்ச்சத்துகளுக்கு (வைட்டமின்களுக்கு) 'செயற்கை' என்பதைவிடத் துல்லியமான சொல் வேண்டும் என்பது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> இயற்கை, செயற்கை என்ற இரண்டும் எல்லோருக்கும் பழகிவிட்டன. புதுச்சொல் எதற்கு?

பழகியதை விடச் சொல்லவில்லை ஐயா. 'செயற்கை' என்பது பொருள் எங்கே பிறந்தது என்று மட்டும் சொல்கிறது; மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. வைட்டமின் சி ஆலையில் உருவானாலும் பழத்தில் உருவானாலும் எல்-அஸ்கார்பிக் அமிலம்தான், அணுவுக்கு அணு ஒன்றே.

வைட்டமின் ஈ அப்படியில்லை. அதன் முக்கிய வடிவமான ஆல்ஃபா டோகோபெராலில் சீர்மையற்ற கார்பன்கள் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருப்பதால் இரண்டு விதமாக அமையக்கூடியவை) மூன்று. செடி மூன்றையும் ஒரே வகையில், 'ஆர்' (R) எனப்படும் அமைப்பில், கட்டுகிறது. வழக்கமான ஆலைத் தயாரிப்பில் ஒவ்வொரு கார்பனும் இரண்டு விதமாகவும் அமைந்துவிடும். ஆக 2×2×2 = 8 புறவெளி மாற்றியங்கள் (அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றே, இடவெளியில் அமையும் விதம் மட்டும் வேறான வடிவங்கள்) ஏறத்தாழச் சம அளவில் கலந்து வரும். கல்லீரலில் உள்ள கடத்துபுரதம் இதில் கறாரானது: 2ஆம் கார்பன் 'ஆர்' ஆக உள்ள நான்கையே விரும்பி ரத்தத்துக்கு அனுப்புகிறது, மற்ற நான்கில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அதனால்தான் 2000இல் வந்த அமெரிக்கப் பரிந்துரை, மில்லிகிராமுக்கு மில்லிகிராம் ஆலை வடிவத்துக்குப் பாதி மதிப்பே தருகிறது. புட்டியில் இவ்வளவும் 'டி' (செடி வடிவம்), 'டிஎல்' (ஆலை வடிவம்) என்ற ஓரெழுத்து வித்தியாசத்தில் ஒளிந்திருக்கிறது!

> பாடநூலில் 'சுழிமாய்க் கலவை' இருக்கிறதே?

அது (ஆங்கிலத்தில் racemic mixture) ஓர் ஆடிபிம்ப இணை, அதாவது ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள், சமமாகக் கலந்ததற்கான பெயர். இங்கே இருப்பவை அப்படி நான்கு இணைகள். தவிர, அந்தச் சொல் ஒளிச்சுழற்சி (முனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும் தன்மை) மறைவதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது எல்லா மாற்றியங்களும் உள்ளே இருக்கின்றன என்ற செய்தி.

எட்டு என்ற பொருளில் 'எண்' சேர்த்து 'எண்மாற்றியக் கலவை' என்று வைக்கலாம்தான். ஆனால் 'எண்' என்றதும் பாதிப்பேர் எண்ணிக்கை என்றே படிப்பார்கள். சீர்மையற்ற கார்பன் இரண்டே உள்ள பொருளுக்கு அது ஒத்தும் வராது. எனவே என் முன்மொழிவு: முழுமாற்றியக் கலவை. செடி தருவது ஒருமாற்றிய வடிவம். மாற்றியத்தைச் 'சமபகுதியம்' என்று எழுதும் இலங்கை நண்பர்களுக்கு முழுச்சமபகுதியக் கலவை சரிப்படுமா? கொஞ்சம் நீளம்தான்.

ஃபோலிக் அமிலத்தை (வைட்டமின் பி9-இன் மாத்திரை வடிவம்) இதில் இழுக்க வேண்டாம். உணவில் உள்ள ஃபோலேட்டுகள் ஒடுக்கமடைந்தவை (ஹைட்ரஜன் கூடுதலாகச் சேர்ந்தவை), பெரும்பாலும் குளுட்டமேட் என்ற அமினோ அமில அலகுகளின் சங்கிலியோடு இருப்பவை. மாத்திரையில் உள்ளது ஆக்சிஜனேற்றமடைந்த, ஒற்றைக் குளுட்டமேட் வடிவம். அதற்கு வேறு சொல் வேண்டும், தனி இழையில் பார்ப்போம்.