ஸ்டையல் கிராமத்து ஆற்றோர மில்

மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டையல் என்றொரு கிராமம். அங்கே இருக்கிற குவாரி பேங்க் மில்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சாமுவேல் கிரெக் 1784-ல் ஆரம்பித்த பஞ்சாலை. இப்போது, பிரிட்டனில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

மில்லை ஓட்டிய பாலின் (Bollin) என்ற ஆற்றை நம் ஊரில் ஓடை என்றுதான் சொல்வோம். இதை வைத்துக்கொண்டா அத்தனை இயந்திரம் சுழன்றது என்று சந்தேகமாக இருந்தது. சூட்சுமம் கீழே இருக்கிறது. மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். சக்கரத்தை ஆற்று மட்டத்துக்கும் கீழே, ஆழமான குழியில் இறக்கியிருக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்ட நீர், நீளமான சுரங்கம் வழியாகத் தாழ்வான இடத்துக்குப் போய் மறுபடி ஆற்றில் சேரும். விழுகிற உயரம் கூடினால் விசையும் கூடும், அவ்வளவுதான் கணக்கு. தாமஸ் ஹியூஸ் வடிவமைத்த 32 அடி இரும்புச் சக்கரம் 1904 வரை ஓடியது. இன்று சுழன்று காட்டுவது யார்க்‌ஷயரில் வேறொரு மில்லில் இருந்து வந்த சக்கரம்.

சரி, தண்ணீர் இருக்கிற இடத்தில் மில் வைத்தாயிற்று. காட்டுக்குள் வேலைக்கு ஆள்? கிரெக் 1790-ல் ஒரு விடுதி கட்டி, ஏழைகள் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு அழைத்து வந்தார். சோறு, துணி, படுக்கை உண்டு. படுக்கை ஒன்றுக்கு இரண்டு பேர். மருத்துவர் பீட்டர் ஹாலண்டையும் அமர்த்தியிருந்தார். அந்தக் காலத்துக்கு கிரெக் நல்ல முதலாளி என்கிறார்கள். இருக்கலாம். டொமினிக்கா தீவில் அடிமைகள் பாடுபட்ட தோட்டமும் இவருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

தறி ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றே ஒன்று! பக்கத்தில் நின்றவர் பேசியது காதில் விழவில்லை. லங்காஷயர் நெசவுக்கூடங்களில் பெண்கள் உதட்டசைவை வைத்தே பேசிக்கொண்டார்களாம், ஆச்சரியமில்லை.

எனக்கு மனதில் தங்கியது தாமஸ் பிரீஸ்ட்லி. இந்த மில்லில் வேலை பார்த்த 13 வயதுப் பையன். இயந்திரச் சக்கரம் இழுத்ததில் இடதுகை ஆள்காட்டி விரல் போய்விட்டது. 1806-ல் ஜோசப் செஃப்டன் என்ற இன்னொரு பையனோடு லண்டனுக்கு ஓடிவிட்டான். பிடித்து விசாரித்தபோது, அம்மாவைப் பார்க்கணும் என்பதுதான் அவன் சொன்ன காரணம். அந்த வாக்குமூலம் இருப்பதால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. இருவரையும் மில்லுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

போகிறவர்கள் பிள்ளைகள் விடுதியை விட்டுவிடாதீர்கள். நான் போனபோது வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விட்டார்கள், அதனால் போனதும் முதலில் அதற்கு நேரம் வாங்கிவிட்டு அப்புறம் மில்லைச் சுற்றுங்கள்.