சனிக்கிழமை வாத்து வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன உடுத்திச் செல்வது?

கேட்பவர், ஸஸ்கட்டூன், கனடா:
வணக்கம். மதுரையிலிருந்து இங்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. உடன் வேலை செய்பவர்கள் சனிக்கிழமை விடியற்காலை வாத்து வேட்டைக்கு அழைத்தார்கள். மறுக்கக் கூசி, வருவதாகச் சொல்லிவிட்டேன். ஊரில் வாங்கிய பருத்தித் தெர்மல், ஒரு குரங்குக் குல்லா, இங்கு தள்ளுபடியில் எடுத்த சிவப்பு ஜாக்கெட், இவைதாம் என்னிடம் இருக்கின்றன. நேற்று பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றதற்கே விரல்கள் மரத்துவிட்டன. எதை வாங்க வேண்டும்? நூற்றைம்பது டாலருக்கு மேல் என்னால் இயலாது.

வின்னிபெக்:
ஆடை இருக்கட்டும் தம்பி, உரிமம் இருக்கிறதா? துப்பாக்கியைக் கையாளப் பாதுகாப்புப் பயிற்சியும் உரிமமும் வேண்டும். வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடுவதற்கு மத்திய அரசின் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். ஈயக் குண்டுக்கும் தடை இருக்கிறது. இரண்டு நாளில் இவையெல்லாம் கைகூடாது என்பதால், துப்பாக்கியைத் தொடாமல் வேடிக்கை பார்ப்பவராக மட்டும் செல்லுங்கள்.

ரொறொன்ரோ:
நான் 1991இல் மாசி மாதத்தில் ஒரு மெல்லிய மேற்சட்டையுடன் வந்து இறங்கியவன். இரவு வேலை முடிந்து பேருந்து இல்லாமல் நாற்பது நிமிடம் நடந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் காது வலிக்கிறது. ஆகவே மற்றவற்றை யோசிக்காமல், முழங்கால் வரை வரும் இறகு அடைத்த தடித்த பார்க்கா கோட்டு ஒன்றை வாங்குங்கள். காலுறையை இரண்டாகப் போடுங்கள்.

எட்மன்டன்:
ஐயா சொல்வது பேருந்து நிறுத்தத்துக்குப் பொருந்தும், வேட்டைக்குப் பொருந்தாது. இறகு நனைந்தால் கட்டிபட்டு, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் தன்மையை இழந்துவிடும். நெருக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து, கால் முன்னைவிட விரைவில் குளிர்ந்துபோகும்.

பிராம்ப்டன்:
வந்து ஏழே வாரத்தில் வேட்டைக்கு அழைப்பா! எனக்கு இங்கு ஐந்தாண்டாகிறது, ஒருவர்கூடத் தேநீருக்கு அழைத்ததில்லை. வீட்டுக்காரர் ஹீட்டரைப் பதினெட்டுக்கு மேல் வைக்க விடுவதில்லை. நான் வீட்டுக்குள்ளேயே வேட்டை உடையில்தான் இருக்கிறேன்.

ரொறொன்ரோ:
பதினெட்டு உங்களுக்குக் குளிரா? நாங்கள் நிலவறையில் ஆறு பேர் இருந்தோம்.

ரெஜைனா:
கேட்ட கேள்விக்கு வருவோம். நீங்கள் ஒன்றைச் சொல்லவில்லை தம்பி: போவது நீர்நிலைக்கா, வயலுக்கா? இரண்டுக்கும் உடை வேறு. நீர்நிலை என்றால் மார்பு வரை வரும் வேடர்ஸ், அதாவது காலணியோடு சேர்ந்த நீர் புகாத கால்சட்டை வேண்டும், உங்கள் நூற்றைம்பது டாலரில் குளிர் தாங்கும் நியோப்ரீன் ரப்பர் வேடர்ஸ் கிடைப்பது கடினம், இரவல்தான் வழி. அதன் இடுப்புப் பட்டையைக் கட்டாமல் இறங்கக் கூடாது, விழுந்தால் உள்ளே நீர் புகும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு இது: உறையும் குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைச் சீராக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் பயன்படும்படி இயங்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். கரையேற உங்களுக்கு இருப்பது அந்தப் பத்து நிமிடமே.

கேட்பவர்:
மன்னிக்கவும், இப்போதுதான் கேட்டேன். அறுவடை முடிந்த பார்லி வயலாம். வாத்துகளை ஈர்க்கப் பொம்மை வாத்துகளை நட்டுவிட்டு, அரிதாளில் படுத்துக் காத்திருப்பார்களாம். காலையில் மைனஸ் பத்து, காற்று முப்பது கிலோமீட்டர் என்று வானிலை சொல்கிறது.

ரெஜைனா:
இப்படி ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்த விலங்குக்கும் பறவைக்கும் நம் பழைய தமிழில் 'பார்வை' என்று பெயர். இந்தப் பொம்மைகளைச் சுமந்து நடப்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தக் காற்றில் மைனஸ் பத்து, உடலுக்கு மைனஸ் இருபதைப் போல் உறைக்கும் என்பதால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு புறப்படுவார்கள். பொம்மைகளை நட்டு முடிப்பதற்குள் வியர்த்துவிடும், பிறகு அசையாமல் படுத்திருக்கையில் அந்த ஈரமே நடுக்கத்தைத் தரும். நடக்கும்போது மேலாடையைப் பையில் வையுங்கள், படுக்கும் முன் அணியுங்கள்.

பருத்தித் தெர்மலை வீட்டில் விடுங்கள். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டரில் மேலும் கீழும் ஒரு செட் வாங்குங்கள். பணத்தின் பெரும்பகுதி இதற்குத்தான். நடு அடுக்குக்குக் கம்பளி ஸ்வெட்டர் பழைய துணிக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். சிவப்பு ஜாக்கெட் ஆகாது, வாத்துகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும். காற்றுப் புகாத, வயல் நிறத்து மேலாடையை இன்றே உங்களை அழைத்த நண்பர்களிடம் இரவல் கேளுங்கள். உள்ளடுக்குகள் அடங்க ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும்.

எட்மன்டன்:
தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும், விரல் அசைய இடமுள்ள பனிக் காலணியோடு. நான்கு விரல்களையும் ஒன்றாக மூடும் மிட்டன் உறைக்குள் மெல்லிய கையுறை அணியுங்கள். முதுகுக்குக் கீழே ஒரு ஃபோம் பாய் விரிக்காவிட்டால் உறைந்த மண் சூட்டை உறிஞ்சிவிடும். யோகா பாய்கூடப் போதும். குரங்குக் குல்லா கருநிறமாக இருந்தால் தாராளமாக அணியுங்கள், வெளிறிய முகத்தைப் பறவை மேலிருந்தே கண்டுகொள்ளும் என்று மற்றவர்களே முகத்தை மூடித்தான் படுத்திருப்பார்கள். மாற்றுக் காலுறை ஒரு சோடி காரில் இருக்கட்டும்.

கேட்பவர்:
குல்லா காப்பி நிறம்தான். யோகா பாய் ஊதா நிறம், அதன் மேல் வைக்கோல் போட்டுக்கொள்கிறேன்.