காந்தாரி மிளகு நறுக்கிய கை எரிகிறது, என்ன செய்ய?

கேள்வி (தக்கலை):
ஊறுகாய்க்குக் காந்தாரி மிளகு (குட்டிக் காரமிளகாய்) காம்பு கிள்ளி நறுக்கினேன். பலமுறை கழுவியும் விரல் எரிகிறது, வெந்நீர் பட்டால் கூடுகிறது. எதைப் போட்டால் போகும்? விதையை எடுத்தால் காரம் குறையுமா? அம்மாவின் முட்டுவலிக்கு இதை அரைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில் 1 (நாகர்கோவில்):
எரியவைப்பது மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற காரப்பொருள். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஈரமில்லாத கையில் 1 மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் 2 நிமிடம் தேய்த்துப் பழைய துணியால் அழுத்தித் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் எண்ணெயோடு காரம் கை முழுக்கப் பரவும், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் தேய்த்துப் பச்சைத்தண்ணீரில் கழுவணும். எரிச்சல் மிச்சமிருந்தால் முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள்.

வெந்நீர் வேண்டவே வேண்டாம். 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டை உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசினும் தூண்டுகிறது (1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு). கேப்சைசின் ஒட்டியிருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரும் சுடும். எரிச்சல் தணியக் குளிர்ந்த தயிரில் கையை வைத்திருங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெயோ பாலோ விடாதீர்கள். சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் போங்கள். அடுத்தமுறை நைட்ரைல் கையுறை போட்டு நறுக்குங்கள்.

பதில் 2 (மார்த்தாண்டம்):
கேப்சைசின் விதையில் உண்டாவதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெளிறிய சதையில் உண்டாகிறது. காந்தாரியில் அதைப் பிரித்தெடுப்பது வீண் வேலை. மிளகின் எண்ணிக்கையைக் குறையுங்கள். உப்பும் புளிப்பும் காரத்தை அழிக்காது, வெயிலில் உலர்த்தினாலும் போகாது. மரச்சீனிக்கிழங்கோடு தொட்டுச் சாப்பிடுகையில் வாய் எரிந்தால் தண்ணீரைவிட மோர் நல்லது, பாலிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு போகும். பறவைகளின் ஏற்பிக்குக் கேப்சைசின் உறைப்பதில்லை. அவை பழத்தைத் தின்று விதையை எச்சத்தில் போடுவதால்தான் வேலியோரம் காந்தாரி தானாக முளைக்கிறது.

பதில் 3 (குழித்துறை):
பற்று மட்டும் போட்டுவிடாதீர்கள் அக்கா. மருந்துக்கடைக் களிம்பில் கேப்சைசின் 0.025 முதல் 0.075 சதவீதம்தான். அரைத்த விழுதில் எவ்வளவு என்று அளவே கிடையாது, செடிக்குச் செடி மாறும். வயதானவர் தோல் கொப்பளித்துப் போகும்.

மருத்துவரிடம் கேட்டுக் களிம்பு வாங்குங்கள். வழக்கமாக நாளுக்கு 3, 4 முறை மெல்லிசாகப் பூசுவார்கள். முதல் வாரம் எரியும். வலி குறைய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். நினைத்த நாளில் மட்டும் பூசினால் பலன் கிடைக்காது, நரம்பு தொடர்ந்து தூண்டப்பட்டால்தான் மரத்துப்போகும். புண் இருக்கும் இடத்தில் பூசக்கூடாது. பூசிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. 8 சதவீத ஒட்டுப்பட்டை நரம்புவலிக்கு, அதை மருத்துவமனையில்தான் ஒட்டுவார்கள். முட்டுக்குப் பூசி முடித்ததும் பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். விரல் மூட்டுக்கே பூசினால் அரைமணி நேரம் கழித்துக் கழுவலாம்.