விண்டோஸ்ல லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஓட்டணும், விர்ச்சுவல்பாக்ஸ் போட்டா லேப்டாப் திணறுது

பழையபுத்தகம்:
வணக்கம். தாத்தா வச்சிருந்த பழைய தமிழ் புத்தகங்கள ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்திட்டு இருக்கேன். ஃப்ரெண்ட் ஒருத்தன் டெசராக்ட்னு படத்துல இருக்கற எழுத்த படிக்கற சாஃப்ட்வேர் வச்சு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கமாண்ட வரிசையா ஓட்டற ஃபைல்) எழுதிக் குடுத்தான், அவன் உபுண்டு லினக்ஸ்ல சூப்பரா ஓடுது. என்கிட்ட இருக்கறது விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். விண்டோஸுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு போட்டேன், மவுஸ நகத்துனா அரை நிமிஷம் கழிச்சுதான் நகருது. டூயல் பூட் (ரெண்டு சிஸ்டத்தையும் தனித்தனியா போட்டு மாத்தி மாத்தி ஓபன் பண்றது) வேணாம், ஆபீஸ் வேலையும் இதே லேப்டாப்லதான். வேற வழி இருக்கா?

கருந்திரை:
டபிள்யூஎஸ்எல் 2 போடுங்க ப்ரோ, விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட் குடுக்கற வசதி. பவர்ஷெல்ல (விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கற ஜன்னல்) அட்மினா ஓபன் பண்ணி டபிள்யூஎஸ்எல் இன்ஸ்டால் கமாண்ட் ஒண்ணு குடுத்தா போதும், உபுண்டுவே வந்துடும். இதுவும் உள்ளுக்குள்ள நிஜ லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தோட மையப்பகுதி) ஓடற விர்ச்சுவல் மெஷின்தான், ஆனா முழு டெஸ்க்டாப்பையும் தூக்கிட்டு வராது, அதான் லேசா இருக்கு. எரர் வந்தா பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது போற செட்டிங்ஸ்) விர்ச்சுவலைசேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அப்பறம் சுடோ (லினக்ஸ்ல அட்மினா கமாண்ட் ஓட்டறது) பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில ஒரு புள்ளி கூட வராம இருக்கலாம், கீபோர்டு போச்சுன்னு பயந்துடாதீங்க, நான் பயந்தேன் 😀

பழையபுத்தகம்:
போட்டாச்சு, டெசராக்டுக்கு தமிழ் டேட்டா பேக்கேஜும் ஏத்திட்டேன், ஓடுது! ஆனா அவன் மெஷின விட ரொம்ப ஸ்லோ. படமெல்லாம் டி ட்ரைவ்லதான் கிடக்கு, 600 பக்கம், பக்கத்துக்கு நாலஞ்சு சின்ன ஃபைல் வேற எழுதுது.

நடுராத்திரி:
அங்கதான் மாட்டுது. டபிள்யூஎஸ்எல் 2ல இருந்து விண்டோஸ் ட்ரைவ தொட்டா ஒவ்வொரு ஃபைலும் ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல ஒரு பாலம் தாண்டித்தான் வரணும், சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தா உயிர வாங்கும். எக்ஸ்ப்ளோரர்ல இடது பக்கம் கீழ பென்குயின் படம் போட்டு லினக்ஸ்னு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள உபுண்டு, ஹோம், உங்க பேர்ல இருக்கற ஃபோல்டர். படத்த எல்லாம் அங்க காப்பி பண்ணிட்டு ஓட்டுங்க. ஸ்கேனர மட்டும் விண்டோஸ்லயே வச்சுக்கங்க, யுஎஸ்பிய லினக்ஸுக்குள்ள இழுக்க தனி டூல் போடணும், உங்க வேலைக்கு அந்தத் தலைவலி தேவையில்ல.

கருந்திரை:
ராமையும் கட்டிப்போடுங்க. சும்மா விட்டா பாதி ராம் வரைக்கும் எடுத்துக்கும், டாஸ்க் மேனேஜர்ல விஎம்மெம்னு ஒண்ணு உக்காந்திருக்கும் பாருங்க அதான். விண்டோஸ் யூசர் ஃபோல்டர்ல டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்னு ஒரு ஃபைல் வச்சு, பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வரணும், மெமரி 3 ஜிபின்னு எழுதுங்க. நோட்பேட்ல சேவ் பண்ணா பின்னாடி டிஎக்ஸ்டின்னு ஒட்டிக்கும், அத எடுக்காம ஒரு நாள் பூரா வேஸ்ட் பண்ணிருக்கேன். மாத்துன பிறகு டபிள்யூஎஸ்எல்ல ஷட்டவுன் பண்ணி திரும்ப ஓபன் பண்ணணும்.

பழையபுத்தகம்:
ஃபோல்டர் மாத்துனதும் பறக்குதுங்க! ஒரே ஒரு டவுட், ஜிஎடிட்னு நோட்பேட் மாதிரி ஒரு லினக்ஸ் ஆப் போட்டேன், விண்டோஸ் ஜன்னல் மாதிரியே ஓபன் ஆச்சு, ஆனா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது.

நடுராத்திரி:
ஃபான்ட் இல்ல, அவ்ளோதான். லோஹித் தமிழ் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணிட்டு ஜிஎடிட்ட மூடித் திறங்க.

பழையபுத்தகம்:
வந்துடுச்சு 🙏 ஆனா "ன"வையும் "ள"வையும் மாத்தி மாத்தி படிச்சு வச்சிருக்கு, அத நான்தான் உக்காந்து திருத்தணும் போல.